அன்று ஜீப்பை ஓட்டியது

ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டும் இரண்டு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்று ஏரியைப் பார்த்தது, இன்னொன்று எதிரே இருந்த கரட்டுக் குன்றைப் பார்த்தது. இஞ்சினை அணைத்த பிறகும் நான் ஸ்டியரிங்கை விடவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து கணவர் இறங்கி, மண்டியிட்டு அடியில் பார்த்தார். எழுந்து வந்தவர் என்னைத் திட்டவில்லை. “ராடு வளைஞ்சிருச்சு” என்று மட்டும் சொன்னார். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புத் தண்டு அது. அது வளைந்தால் வண்டி நகராது.

கல்லாவிக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊருக்கு ஒரு கிடாவெட்டுக்குப் போய்விட்டு ஓசூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தார் ரோட்டிலேயே வந்திருக்கலாம். ஏரிக்கரையை ஒட்டி சாமல்பட்டிப் பக்கம் போகிற பழைய வண்டிப்பாதை ஒன்று உண்டு. பழைய ஜீப் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கியதிலிருந்து அந்தப் பாதையில்தான் அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கல், மணல், மழைக்கு அறுத்துப்போன பள்ளம், எல்லாம் அதில் இருந்தது. நான் விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் ஸ்கூட்டர்கூட ஓட்டியதில்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு, வாரத்தில் ஒருநாள் அவ்வளவு பெரிய வண்டியைக் கல்மேல் ஏற்றி இறக்குவது தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் திமிராக மாறியது எனக்குத் தெரியவில்லை.

அன்று அந்தப் பள்ளம் புதிது. போன மழையில் அறுத்திருக்க வேண்டும். “நிறுத்து, எறங்கிப் பாத்துட்டு வர்றேன்” என்றார். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இறங்கி வழி காட்டுவது எங்களுக்குள் இருந்த வழக்கம். நான் நிறுத்தவில்லை. வேண்டாம், தெரியுது என்று சொல்லிவிட்டு இறக்கினேன். இரண்டு பாறைக்கு நடுவில் சக்கரம் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவருடைய கூட்டாளி ஒருவரை அழைத்தார். அவரும் என் கணவரும் ஒரே தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் போச்சம்பள்ளியில் வீட்டில் இருந்தார். இடம் எது, என்ன ஆனது என்று சொல்லிவிட்டு, என் கணவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நாந்தான் மாப்ள. கவனிக்காம எறக்கிட்டேன்.”

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். போனைக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை இப்போது எழுதக் கூசுகிறது.

வெயில் ஏறிய பிறகு மூன்று பேர் வந்தார்கள். அந்தக் கூட்டாளி, எதையும் கேலியாகவே பேசுகிறவர். அவரோடு, போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் வேலை செய்யும் நெட்டையான ஒருவர். மூன்றாமவர் மாந்தோப்பு வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்பதால் என்னை எப்போதும் அண்ணி என்பதற்குப் பதில் ‘வதினா’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய ஜீப்பில் கயிறு, ஜாக்கி, கடப்பாரை, சம்மட்டி எல்லாம் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கேலிக்காரர் பள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றார். என் கணவர் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பயிற்சி கொடுப்பவர். புதிதாகச் சேருகிற பையன்கள் எல்லோருக்கும் அவர்தான் வாத்தியார். இந்தக் கூட்டாளியும் ஒருகாலத்தில் அவரிடம் கற்றுக்கொண்டவர்தான்.

“கண்ணு தெரியாத கெழவன்கூட இதுல எறக்க மாட்டான்டா. நீ எங்களுக்கு வகுப்பு எடுக்கறியா?”

என் கணவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலை ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பாட்டிலை வாங்கும்போது கேலிக்காரர் சொன்னார்: “அண்ணி, இனிமே நீங்களே ஓட்டுங்க. இவன நம்பி உக்காராதீங்க.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக நான் பட்ட வெட்கம் பொய்க்காகப் பட்டதைவிடப் பெரியது. பொய் கணவர் சொன்னது. சிரிப்பு என்னுடையது.

வேலை ஆரம்பமானது. ஜாக்கிக்கு அடியில் தட்டைக்கல் வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார்கள். தூக்கத் தூக்க, சக்கரத்துக்கு அடியில் கல்லைத் திணித்தார்கள். நானும் கல் பொறுக்கினேன். வேண்டாம் அண்ணி, கை கிழிஞ்சிடும் என்று தடுத்தார்கள். தடுத்தும் கேட்காமல் பொறுக்கினேன். கை கிழிந்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. நெட்டையானவர் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய் ராடைக் கழற்றினார். அதைப் பாறைமேல் வைத்து, இருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் மாற்றி ஒருவர் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தினார்கள். என் கணவர்தான் அதிகம் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் கேலிக்காரர் ஒரு வசனம் சொன்னார். நடுவில் அவர் போனை நீட்டிப் படம் பிடிப்பதைப் பார்த்தேன். வளைந்த ராடு, கோணிநின்ற சக்கரம், வேர்த்து வழியும் என் கணவரின் முகம். “நம்ம வாத்தியாரு வண்டி ஓட்டின அழகப் பாருங்க” என்று அவர் பேசுவதும் அதில் பதிவானது.

ராடை மாட்டியதும் வண்டியைக் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டும். மாந்தோப்புக்காரர் தன் ஜீப்பில் ஏறினார். எங்கள் ஜீப்பில் ஸ்டியரிங் பிடிக்க நெட்டையானவர் ஏறினார். ஏறியவரால் உட்கார முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முழுக்க முன்னால் இழுத்துப் போடப்பட்டிருந்தது. முதுகுக்கு என் தலையணை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. என் கணவரும் ஏறக்குறைய அவர் உயரம்தான். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து ஓட்டியிருக்கவே முடியாது.

நெட்டையானவர் சீட்டையும் தலையணையையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்றுதான் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. தலையணையை எடுத்துப் பின்னால் வைத்தார். கையைக் கீழே விட்டு சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு, போலாம் என்று கையசைத்தார்.

கயிறு விறைத்தது. சக்கரம் கற்களை உதறிக்கொண்டு மேலே ஏறியது. எல்லோரும் கத்தினார்கள். நான் ஒரு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தேன். அழுகை வந்தது. வண்டிப் புகையால் என்று நினைத்திருப்பார்கள்.

சாமல்பட்டி ரோட்டுக்கு வந்ததும், எல்லோருக்கும் பசி. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்னக் கடையில் பரோட்டா சொன்னோம். ஐந்து பேரும் ஒரே மேசை. கேலிக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். வீடியோவை அவர் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். பதில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். என் கணவரிடம் அப்போது பயிற்சியில் இருந்த பையன் ஒருவன், ‘சார், திங்கக்கிழமை வகுப்பு உண்டா, இல்ல நாங்க உங்களுக்கு எடுக்கணுமா?’ என்று கேட்டிருந்தான்.

என் கணவர் அதற்கும் சிரித்தார். ஆனால் பரோட்டாவைப் பிய்த்த கை நின்றுவிட்டது. அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு வேறு பெருமை கிடையாது. படிப்பு இல்லை, பெரிய பதவி இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டியவர் என்ற பேர் ஒன்றுதான்.

“நான்தான் ஓட்டுனேன்” என்றேன்.

கேலிக்காரர் நிமிர்ந்தார். சரியாகக் கேட்கவில்லை போல. திரும்பவும் சொன்னேன். “இவுக நிறுத்தச் சொன்னாக. நான்தான் கேக்காம இறக்குனேன்.”

நெட்டையானவர் குருமாவை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாந்தோப்புக்காரர் கடைக்காரரிடம் இன்னொரு ஆம்லெட் சொன்னார். கேலிக்காரர் போனை எடுத்து எதையோ அழித்தார். அழித்தால் என்ன, எல்லோரும் பார்த்தாயிற்று. பிறகு என்னிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “விடுங்க அண்ணி. அந்தப் பள்ளம் அப்பிடி. யாரு ஓட்டியிருந்தாலும் விழுந்துதான் இருக்கும்.”

வதினா மேல தப்பே இல்ல, மழைதான் காரணம் என்றார் மாந்தோப்புக்காரர். பஞ்சாயத்தில் அந்தப் பாதையைக் கவனிப்பதே இல்லை என்றும் பேசினார்கள். காலையிலிருந்து ஒரு குருட்டுக் கிழவன்கூட இறக்கமாட்டான் என்று சொன்ன பள்ளம், நான் ஓட்டினேன் என்றதும் யாரும் தப்பமுடியாத பள்ளமாக ஆகிவிட்டது. என் கணவரைத் திட்டியபோது அவர்களுக்கு நடுவில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. என்னைத் திட்டாமல் விட்டபோது எனக்கு அந்த மேசையில் இடம் இல்லை என்று தெரிந்தது. ஒரு வார்த்தை கேலி செய்தால் போதும், தாங்கிக்கொள்வேன் என்று காத்திருந்தேன். கடைசிவரை ஒருவரும் செய்யவில்லை.

அடித்து நிமிர்த்திய ராடை நம்பி ஓசூர்வரை போகக்கூடாது என்றார் நெட்டையானவர். அதனால் வண்டியை மாந்தோப்பில் விட்டுவிட்டு பஸ்ஸில் போவதென்று முடிவானது. தோப்புவரை என் கணவர் மெதுவாக ஓட்டினார். அவர்கள் பின்னால் வந்தார்கள். ஜீப்பில் நாங்கள் இருவர் மட்டும்.

கொஞ்ச தூரம் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அவனுங்க முன்னாடி நீ சின்னப்படக் கூடாதுன்னு நெனச்சேன். மொதல்ல அதுதான்.” கியரை மாற்றினார். “அப்பறம் அவன் பேசப் பேச எனக்குப் பொறுக்கல. உம்மேல கோவம் வந்துச்சு. நீயா சொல்ல மாட்டியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“சொல்லிட்டேன்ல?”

“நீ சொன்னதும், இவ ஏன் சொன்னான்னு ஆயிருச்சு. பொண்டாட்டிகிட்ட வண்டியக் குடுத்துட்டு பொய்யும் சொல்லிட்டு உக்காந்திருக்கான்னு நெனைக்க மாட்டானுங்களா?”

நான் வெளியே பார்த்தேன். காலையிலிருந்து என் ஒருத்தியின் வெட்கத்தை மட்டுமே சுமந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு அதில் எவ்வளவு பங்கு என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. மன்னிச்சிருங்க என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, சரி விடு என்றார். அது மன்னிப்பா, அலுப்பா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போய் வந்தார். பையன்கள் சிரித்தார்களா என்று கேட்டேன். சிரிக்காம இருப்பானுங்களா என்றார். நீங்க என்ன சொன்னீங்க என்றேன். எறங்கிப் பாக்காம எறக்கினா இப்பிடித்தான் ஆகும்னு சொன்னேன் என்றார். யார் இறக்கியது என்று அவர்களிடம் அவர் சொல்லவில்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. ராடைப் புதிதாக மாற்றி வண்டி வீட்டுக்கு வந்தது. நான் சாவியைத் தொடவில்லை. அவரும் நீட்டவில்லை.

சில மாதம் கழித்து கேலிக்காரர் வீட்டில் காதுகுத்து. போயிருந்தோம். பந்தி முடிந்து ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் அவர் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நான் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டார். உடனே பேச்சு மாறியது. “வண்டி அப்பிடியே போயி பள்ளத்துல விழுந்திருச்சு” என்றார். யாரும் ஓட்டாமல், வண்டி தானாகவே கல்லாவியிலிருந்து கிளம்பிப் போய் விழுந்ததுபோல.

“நான் இறக்குனேன். நிறுத்துன்னு சொல்லச் சொல்ல இறக்குனேன்” என்றேன்.

புதியவர் என்னையும் என் கணவரையும் மாறிமாறிப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. என் கணவர் தலையைக் குனிந்து சிரித்தார். அன்று கடையில் சிரித்த சிரிப்பு அல்ல அது.

உள்ளே வந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது, கேலிக்காரரின் மனைவி துண்டோடு வந்து நின்றாள். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. வெளியே நடந்ததை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்.

“அக்கா, எனக்கு ஓட்டக் கத்துக்குடுப்பீங்களா?”

பள்ளத்தில் விட்டவளிடமா கேட்கிறாய் என்றேன். வண்டி விழுந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத்தான தெரியும் என்றாள். விளையாட்டுக்குச் சொல்வதுபோல் இல்லை.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “உங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டியா?” என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, கேக்கறேன் அக்கா என்று போய்விட்டாள். ஈரக்கையோடு அங்கேயே நின்றேன். எத்தனையோ விஷயத்துக்கு வெட்கப்பட்டு முடித்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்காக மறுபடியும் முதலிலிருந்து வெட்கப்பட வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் நானே அவளுக்கு போன் செய்தேன்.