இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கும் வீடு

மெர்லிமாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். அவருக்கு வலிப்பு வரும். விழுந்தால் என் கைப்பேசிக்கு அபாய மணி அனுப்பும் பட்டை ஒன்றை அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். அதற்கு வைஃபை வேண்டும். செம்பனை மரங்களுக்கு நடுவே போன் சிக்னல் நொண்டியடிக்கும். அதைப் பிடித்து வைஃபை தரக் கடை ரௌட்டர் எதுவும் சரிப்பட்டு வரவில்லை. நானே ஒன்று செய்துவிடலாம் என்று காரில் ஒரு மணி நேரம் தள்ளி அலோர் காஜாவில் என் வீட்டில் உட்கார்ந்து அதற்கான சர்க்யூட் போர்டு தேடினேன்.

பயந்தவள் எதை எடுப்பாள்? இருப்பதிலேயே பெரியதைத்தான். வேகமான சிப், நிறைய மெமரி, சூடு தணிக்க ஒரு காத்தாடி. ஒரு பட்டைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்ட வீட்டுக்காரர் மேல் எரிந்து விழுந்தேன்.

செய்த ரௌட்டரை அம்மா வீட்டில் வைத்தேன்; அது ஓடும்வரை என் கைப்பேசியில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். ஒரு மாலை இடியும் மழையும். அந்தப் பச்சைப் புள்ளி அணைந்தது. அம்மாவின் போனுக்கும் அழைப்பு போகவில்லை. அம்மாவின் பக்கத்து வீட்டு அக்காவும் அன்று ஊரில் இல்லை. மழையில் காரை விரட்டினேன். தரையில் கிடக்கும் அம்மாதான் வழியெல்லாம் கண்ணுக்குள் நின்றார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில், துண்டில் சுற்றிய ரௌட்டர்.

"இடி இடிக்குதுல்ல, எல்லா பிளக்கையும் புடுங்கிட்டேன். நீ கஷ்டப்பட்டு செஞ்சது, கருகிப்போனா வீணாப் போயிடும்லா."

தோட்ட வீடுகளில் இடி என்றால் முதல் வேலை அதுதான். சின்ன வயதில் நானே ஓடி ஓடிப் பிடுங்கியிருக்கிறேன். போர்டு தேடும்போது மட்டும் அது என் புத்தியில் உறைக்கவில்லை.

அம்மாவை மாற்ற முடியாது, போர்டை மாற்றலாம். இந்த முறை சின்னது, மெதுவானது, காத்தாடி இல்லாதது. மின்சாரம் கொஞ்சம்தான் இழுக்கும். கூடவே வைத்த பேட்டரியில் மழை விடும்வரை தாங்கும்.

"பிளக்க தாராளமா புடுங்குங்கம்மா. பெட்டிய மட்டும் தொடாதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். பயம் மட்டும் போகவில்லை.

அடுத்த இடி மழையில் புள்ளி பச்சையாகவே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது அபாய மணி அடித்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஓடினார். நான் கார்ச் சாவியைத் தேடுவதற்குள் அக்கா, அம்மாவின் வீட்டு வைஃபையிலிருந்தே திரும்பக் கூப்பிட்டார்.

"மூச்சு இருக்கும்மா, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருக்கேன். பாத்து மெதுவா வா. அம்மா கையில உன் பெட்டியோட பிளக்க இறுக்கிப் புடிச்சிருக்காங்க, விடவே மாட்டேங்கிறாங்க."