எர்த் சார் வீட்டுச் சரவிளக்கு

எர்த் சாரைத் தெரியாத வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது. மின்சார அலுவலகத்தில் ஒயரிங் சோதிக்கிற வேலை. புதுசாகக் கரண்டு கேட்டு யார் எழுதிப் போட்டாலும் அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பல்பு எரியும். எர்த் ஒயர் மட்டும் இல்லாமல் இருக்கட்டும், மனுஷர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார்.

"கரண்டு கசிஞ்சா மண்ணுக்குள்ள போக ஒரு வழி வேணாமா? இல்லேன்னா உங்க உடம்பு வழியாத்தான் போகும். மனுஷ உயிர் என்ன கிள்ளுக்கீரையா?"

"யார் சார் அதைப் போய்த் தொடப் போறா?" என்று கெஞ்சுவார்கள்.

"தொடறவன் உங்ககிட்ட சொல்லிட்டா தொடுவான்?" என்று ஒரே போடாகப் போடுவார்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா மோட்டார் மிஷின் போடக் கரண்டு கேட்டபோதும் அப்படித்தான். துணி கொடுக்க வந்த நாலு பேர் எதிரிலேயே வைத்து விளாசிவிட்டு இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். அந்தம்மா காலாலேயே மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

இப்பேர்ப்பட்ட ஆள் ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பித்தளைச் சரவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து கைகள், ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகக் கண்ணாடி மணிகள், எல்லாம் கரியும் ஒட்டடையும். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவிக்கு இப்படி ஒரு விளக்கின் மேல் ஆசை. ஹாலில் பழைய பேப்பரை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொரு மணியாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, புதுக் கம்பியில் கோத்தாள். அவர் பித்தளையைத் தேய்தேய் என்று தேய்த்து, உளுத்துப்போன ஹோல்டர்களை மாற்றினார்.

ஒயர் இழுக்கும்போதுதான் வந்தது வினை. விளக்கின் கைகளெல்லாம் உள்ளே ஒல்லிக் குழாய். இரண்டு ஒயர் போனது, மூன்றாவதான பச்சை ஒயர், அதுதான் எர்த், போகவே மாட்டேன் என்றது. வேறு ஒயர் தேடிப் பிடித்துப் பொறுமையாகச் செய்தால் இன்னொரு வாரம் ஆகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் குடும்பத்தோடு வருகிறான். அவனிடம் போனில் ஏற்கெனவே அளந்து விட்டாயிற்று. 'அவ்வளவு உசரத்துல தொங்குறதை யார் போய்த் தொடப் போறா' என்று நினைத்தார். அதை நினைத்தவர் எர்த் சார்தான், வேறு யாருமில்லை. ஊருக்குத்தான் உபதேசம்!

"என்னங்க, இந்தப் பச்சை ஒயர் மிச்சமாயிடுச்சே?" என்றாள் மனைவி.

"அது சும்மா கூடுதலா வாங்கினது."

கரண்டு விஷயத்தில் அவர் சொன்னது அவளுக்கு வேதவாக்கு. சுருட்டி டப்பாவில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, "மாமா, கைன்னா கை உங்க கைதான்!" என்றான். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வாரம் அவர் அலுவலகத்தில் இருந்தபோது போன் வந்தது. மனைவி இரும்பு ஸ்டூலிலிருந்து விழுந்துவிட்டாள், தையல்காரம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். பதறியடித்துக்கொண்டு ஓடினார். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"விளக்கைத் துடைக்க ஏறினேன் டாக்டர். கால் தவறிடுச்சு" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்நுனியில் இரண்டு கரும்புள்ளிகள். அந்தப் புள்ளி எதனால் வரும் என்று அவருக்குத் தெரியாதா? அதற்குள் மைத்துனன் வந்து, "இந்த வயசுல ஸ்டூல்ல ஏறணுமாக்கா? அறிவு வேணாம்?" என்று கத்த ஆரம்பித்தான்.

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். திறந்தார், "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கேட்டாத்தானே!" என்று சொல்வதற்காக. ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. மனைவி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அணைந்து கிடந்த மெயினைப் போட்டுவிட்டு, விளக்கின் பித்தளைக் கையில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. இழுத்த இழுப்பில் குழாயின் விளிம்பு ஒயரின் தோலைச் சீவியிருந்தது. சத்தமில்லாமல் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அன்றிலிருந்து சமையல் அவர், பாத்திரம் அவர், மனைவிக்குத் தலை வாரிப் பின்னுவதும் அவர். கோணல்மாணலாகப் பின்னினாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்! வெட்கம் மனுஷரைப் பிடுங்கித் தின்றது.

அந்த நிலைமையில்தான் தையல்காரம்மா வீட்டை மூன்றாம் தடவையாகச் சோதிக்கப் போனார். எல்லாம் கச்சிதம். எர்த் ஒயர் பிளக்குக்குப் பிளக்கு இருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவருக்குக் கை ஓடவில்லை.

"ஏம்மா, அன்னிக்கு அவ கால் தவறி விழல."

தையல்காரம்மா துணியை வெட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும் சார். அக்கா கத்தினதைக் கேட்டு ஓடிவந்து மெயினை அணைச்சதே நான்தானே. கை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அணைச்சப்புறந்தான் விழுந்தாங்க. அந்த வலியிலயும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'யார்கிட்டயும் சொல்லிடாதே, அவருக்குன்னு இருக்கறது அந்த ஒரு பேருதான்'னாங்க."

அவருக்குக் காதெல்லாம் சுட்டது. எங்கே கையெழுத்துப் போடுவது என்றே தெரியவில்லை.

"நல்லாப் பாத்துட்டுப் போடுங்க சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மைத்துனனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். மனைவி, "எதுக்குங்க இப்ப, வேணாம், விடுங்க" என்று இடது கையால் பிடுங்க வந்தாள்.

"மாப்ளே, உங்கக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்கு ஷாக் அடிச்சுது. அந்த விளக்குக்கு நான் எர்த் குடுக்கல."

அந்தப் பக்கம், "என்னது?" என்றான். பிறகு பெரிய சிரிப்பு.

"நீங்களாவது, எர்த் குடுக்காம விடறதாவது! அவ பண்ண முட்டாள்தனத்துக்கு நீங்க ஏன் மாமா பழியைச் சுமக்கறீங்க? சொல்லச் சொன்னாளா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"டேய், சிரிக்காதே" என்றார் அவர். "கேளு. குழாய்ல மூணாவது ஒயர் போகல..." என்று முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.