நாற்பத்திரண்டாம் மாடியும் ஒரு தாலிக்கொடியும்

ஹோட்டல் செக்யூரிட்டிக்குச் சம்பளம் தருவது சந்தேகப்படுவதற்கு; சிரிப்பதற்குத் தனியாக ஒன்றும் தருவதில்லை. லண்டனில் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் கறுப்புக் கோட்டோடு நின்றே கிழவனானவன் நான். லண்டன் தமிழரான உங்களில் பல பேர் அதே கோட்டைப் போட்டவர்கள்தான். எனக்கு இருக்கும் முழங்கால் வலி உங்களுக்கும் இருக்கும். ஆகவே நான் சொல்வதில் பாதியையாவது நம்புவீர்கள். மற்றப் பாதியை என் மனைவி பரமேஸ்வரியே நம்பமாட்டா, அவ பக்கத்திலேயே நின்றவ என்றாலும்.

நான் ஓய்வு பெற்றதும், ஹவுன்ஸ்லோவில் இருக்கும் மகள் வாசுகி எங்கள் இருவருக்கும் டோக்கியோவில் முகிலுக்கு மேலே நிற்கும் ஒரு ஆடம்பர ஹோட்டலில் ஒரு வாரத்துக்கு அறை போட்டுத் தந்தாள். "அப்பா, வாழ்க்கையில ஒருக்கா எண்டாலும் ஹோட்டலுக்கு உள்ளுக்கு இருந்து பாருங்கோ" என்றாள். இலவசமாக வருவதை நான் சந்தேகிப்பவன். தந்தது மகள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

பூட்டினவர் கேட்ட கேள்வி

முதலில் லண்டன் கதை ஒன்று. இது தெரியாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. எங்கள் ஹோட்டலில் தங்கியிருந்த ஒருவர், அறையில் இருக்கும் பாதுகாப்புப் பெட்டிக்குத் தான் போட்ட இலக்கத்தை மறந்துவிட்டார். உள்ளே பாஸ்போர்ட், பணம், மனைவியின் மோதிரம். கீழே டாக்சி நிற்கிறது. மனிதர் தலைமயிரைப் பிய்க்காத குறை. நான் மேலே போய், சட்டைப் பையில் இருந்த சின்னக் கருவி ஒன்றைப் பெட்டியில் செருகினேன். அவர் ஒரு தும்மல் தும்மி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

நன்றி சொல்வார், கையில் ஏதாவது வைப்பார் என்று நின்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "நீ இவ்வளவு லேசாகத் திறப்பாய் என்றால், நான் எதற்கு ஐயா பூட்டினேன்?"

ஜம்பருக்குக் கீழே

லண்டனில் நாங்கள் இருக்கும் ஈஸ்ட் ஹாமில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு கிழமை வெளியே போகும் நம் ஆட்கள் நகையை என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தமிழர் வீட்டில் அரிசிக்குள் தங்கம் இருக்கும் என்று கள்ளர்களுக்கு யாரோ வகுப்பே எடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்தவன், மூடை அரிசியையும் கொட்டித் தேடி, ஒன்றும் கிடைக்காமல், "இது பழைய அரிசி, மாத்துங்கோ" என்று எழுதி வைத்துவிட்டுப் போனானாம். ஆகவே நாங்கள் வீட்டை விட்டுப் போனால் தங்கமும் கூடவே வரும்.

பரமேஸ்வரியின் தாலிக்கொடி, நாங்கள் நாட்டை விட்டு வந்தபோது விற்காமல் கொண்டுவந்த ஒரே பொருள். வீட்டுக் கடன் கழுத்தை நெரித்த காலத்திலும் அதை அடகு வைக்க அவ சம்மதிக்கவில்லை. அது போனால் அவவுக்குப் பாதி உயிர் போன மாதிரி. அதைக் கழுத்தில் போட்டு, மேலே சட்டை, அதற்கு மேலே கம்பளி ஜம்பர், அதற்கும் மேலே கோட் போட்டுக்கொண்டு விமான நிலையத்துச் சோதனை வாசலைக் கடந்தா. வாசல் கத்திய கத்தலில், ரோமுக்குப் போகும் விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சோதிக்க வந்தது நம்முடைய தமிழ்ப் பிள்ளை ஒன்று. ஜம்பரின் கழுத்தை விலக்கி உள்ளே பார்த்தது. "அன்ரி, எங்கட அம்மா இதைவிடக் கூடப் போட்டுக்கொண்டு வருவா. நீங்கள் போங்கோ."

மரியாதை செய்யும் மூடி

எந்த நாட்டில் வரவேற்பறை நிலத்தில் இல்லாமல் ஆகாயத்தில் இருக்கும்? டோக்கியோவில் இருந்தது. லிப்ட் போன வேகத்தில் என் உடம்பு மேலே போய்ச் சேர்ந்து சற்று நேரம் கழித்துத்தான் வயிறு வந்து சேர்ந்தது. கதவு திறந்தால் ஆறு பேர் வரிசையாகக் குனிகிறார்கள். எங்கள் தொழிலில், தேவைக்கு மேல் குனிகிறவனின் கோட்டுக்குள் நிச்சயம் ஹோட்டலில் களவெடுத்த குளியல் துவாய் இருக்கும். நான் ஆறு பேரின் கோட்டையும் கவனித்தேன்.

நாற்பத்திரண்டாம் மாடியில் எங்கள் அறைக்குள் இன்னும் மோசம். கழிவறைக்குள் காலை வைத்தேன், யாரும் தொடாமல் மூடி தானாக எழும்பியது. வெளியே வந்தேன், மூடிக்கொண்டது. மறுபடி எட்டிப் பார்த்தேன், மறுபடி எழும்பியது. எங்கேயோ கமரா இருக்கிறது என்று முடிவு கட்டி, டெலிபோனில் வரவேற்பறைப் பெண்ணைப் பிடித்து, என்னை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அந்தப் பிள்ளை நிதானமாகச் சொல்லிற்று: "அது உங்களைப் பார்க்கவில்லை ஐயா, உங்களுக்கு மரியாதை செய்கிறது."

தலையணைக்குக் கீழே வைத்தது

மறுநாள் காலை, அறை துப்புரவாக்க வரும் அம்மாவுக்காகத் தலையணைக்குக் கீழே கொஞ்சப் பணம் வைத்துவிட்டு வெளியே போனோம். லிப்ட் வாசலில் நிற்கிறோம், பின்னால் ஓடி வருகிற சத்தம். என் வயதுக்குக் கிட்டிய, தோள் உயரமும் இல்லாத ஒரு அம்மா, அந்தப் பணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூச்சு வாங்க நிற்கிறா. நாங்கள் மறந்துவிட்டுப் போகிறோமாம். உங்களுக்குத்தான் என்று சைகை காட்டினேன். பாம்பைக் கண்டவ மாதிரி பின்னாலே போனா.

எனக்கு நெஞ்சுக்குள் மணி அடித்தது. லண்டனில் டிப்ஸ் வேண்டாம் என்று சொன்ன ஒரு ஆளை என் காலத்தில் கண்டதில்லை. சின்னது வேண்டாம் என்றால் பெரிதிலே கண் வைத்திருக்கிறா என்றுதானே அர்த்தம்? "பரமு, இந்த மனுசியில ஒரு கண் வையும்" என்றேன். பரமேஸ்வரிக்கோ சும்மா வேலை வாங்குகிறோமே என்பதுதான் கவலை. ஒருவரை வெறுங்கையோடு அனுப்பினால் அவவுக்கு நித்திரை வராது. என்னை ஏற இறங்கப் பார்த்தா. "உங்களுக்குக் கமராவைத் தெரியும், மனுசரைத் தெரியாது."

ஆடின கட்டடம்

மூன்றாம் நாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிறோம், கோப்பை தானாக என்னிடமிருந்து பரமேஸ்வரியிடம் போனது. பிறகு திரும்பி வந்தது. நான் பிரஷர் குளிசை போட மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜன்னலால் பார்த்தால் பக்கத்துக் கட்டடம் எங்களுக்குத் தலையாட்டுகிறது. நாங்களும் பதிலுக்கு ஆட்டுகிறோம். பரமேஸ்வரி கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எல்லாக் கடவுளையும் கூப்பிட்டா. நிலநடுக்கம் நின்றதும் வரவேற்பறைக்குப் போய், இது எந்தக் கொந்தராத்துக்காரன் கட்டின கட்டடம் என்று கேட்டேன். அங்கே நின்ற மனேஜர் இளைஞன், ஆனால் முகத்தில் சலனமே இல்லை. "ஆடினால் பயமில்லை ஐயா. ஆடாமல் நின்றால்தான் நாங்களும் ஓடுவோம்."

எனக்குச் சொல்லாதேங்கோ

அன்று பிடித்த பிடியில் கொடி பரமேஸ்வரியின் கழுத்தைச் சிவக்க வைத்துவிட்டது. கழற்றி என் கையில் தந்தா. பாதுகாப்புப் பெட்டி ஒன்று அலுமாரிக்குள் பளபளத்தது. நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பயற்றம் மாவில் பிடித்த இனிப்பு உருண்டைகள் கொண்டுவந்த பிஸ்கட் டின் ஒன்று மேசையில் இருந்தது. பரமேஸ்வரி குளிக்கப் போன நேரம் கொடியைக் கடதாசியில் சுற்றி அடியில் வைத்து, மேலே உருண்டைகளை அடுக்கினேன். பரமேஸ்வரி பிடிக்கும் உருண்டையை உடைக்கச் சுத்தியல் வேண்டும். எந்தக் கள்ளனும் அதைத் தாண்டி உள்ளே போகமாட்டான் என்பது என் கணக்கு. அவ வந்ததும் எங்கே வைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவ காதைப் பொத்திக்கொண்டா. "எனக்குச் சொல்லாதேங்கோ! வாசுகியோட போனில கதைக்கேக்க வாய் தவறிச் சொல்லிப்போடுவன்."

நான் பிடித்த ஆள்

ஐந்தாம் நாள் காலை குளித்துவிட்டு வருகிறேன், டின்னைக் காணவில்லை. கட்டில் விரித்தாயிற்று, குப்பை கூட்டியாயிற்று. அந்தச் சின்ன அம்மா வந்து போயிருக்கிறா! பரமேஸ்வரி ஜன்னலோரம் இருந்து பாட்டு முணுமுணுக்கிறா. அவவிடம் கேட்டால் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். பேப்பர் வாங்கி வாறன் என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். மனேஜரிடம் நானும் இந்தத் தொழில்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, எங்கள் மாடி நடைபாதைக் கமராவைக் காட்டு என்று கேட்டேன். துப்புரவு அம்மாவின் பெயரையும் கேட்டு வைத்தேன். அவன் திரையை என் பக்கம் திருப்பினான்.

திரையில் எங்கள் அறைக் கதவு திறக்கிறது. பரமேஸ்வரி வெளியே வருகிறா. டின்னை இரண்டு கையாலும் அந்த அம்மாவுக்கு நீட்டுகிறா. அவ வேண்டாம் என்று குனிகிறா. இவவும் பதிலுக்குக் குனிகிறா. அவ இன்னும் கீழே, இவ அதற்கும் கீழே. விட்டிருந்தால் இரண்டு பேரும் நிலத்தில் படுத்திருப்பார்கள். கடைசியில் டின் கை மாறியது. பணம் வாங்காதவவுக்குப் பலகாரம் கொடுத்திருக்கிறா. மனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்தான். "திருடியவர் இவர்களில் யார் ஐயா?"

பளபளப்பு

மேலே வந்து உண்மையைச் சொன்னேன். பரமேஸ்வரி கத்தவில்லை. வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு கட்டிலில் இருந்தா. அவ கத்தாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இஞ்சேருங்கோ, அந்த மனுசிய ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான்தான் வலியக் குடுத்தனான்" என்று மட்டும் சொன்னா.

யாரோ கதவைத் தட்டினார்கள். மனேஜரும் அந்த அம்மாவும். கையில் தட்டு, தட்டில் வெள்ளைத் துணி, துணியில் துடைத்து வைத்த கொடி. ஹோட்டல் வழக்கப்படி அவ டின்னைத் தான் கொண்டுபோகாமல் வேலையாட்கள் அறையில் வைத்து எல்லோருக்கும் பகிர்ந்திருக்கிறா, உருண்டை முடிந்ததும் அடியில் தங்கம். பரமேஸ்வரி அந்த அம்மாவின் கையைப் பிடித்தவ விடவில்லை. நான் கொடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். லண்டனில் இருந்து வந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. ஆளை மாற்றி வேறு கொடி தந்துவிட்டார்களோ என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம். அந்த அம்மா தன் மொழியில் ஏதோ சொல்லித் தலை குனிந்தா. அதை மொழிபெயர்க்க மனேஜர் தன் போனை நீட்டினான். அது நம்மைவிடத் திருத்தமான தமிழில் பேசியது: "தங்கம் முழுமையாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்ட உருண்டைகளை மட்டும் எங்களால் திருப்பித் தர முடியவில்லை, மன்னிக்க வேண்டும்."

வேலைக்காலம் முழுக்க வாசலில் நின்று உலகத்தையே சந்தேகப்பட்ட நான் கமராவில் கையும் களவுமாகப் பிடித்த ஒரே ஆள் என் மனைவிதான், அவவும் எடுத்தவ அல்ல, கொடுத்தவ.