டி டிரைவில் இடமில்லை

எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். காற்றில் நாற்றம் ஏறி, ஆலைச் சங்கு ஊதினால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். விடிந்து போய்க் கேட்டால் சங்கே ஊதவில்லை என்பார்கள். என் கணவருக்கு அதைக் கேட்டாலே ரத்தம் கொதிக்கும். சாட்சி வேண்டுமென்று, ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டி, சத்தம் கேட்டால் தானே பதிவு செய்துகொள்ளும் புரோகிராம் ஒன்றைப் போட்டுவைத்தார்.

மாரடைப்பில் அவர் போன பிறகு அது எனக்கு மறந்தே போனது. அதே கம்ப்யூட்டரில்தான் டைப்பிங் வேலை பார்க்கிறேன். திடீரென்று டி டிரைவ் நிரம்பிச் சிவப்பானது. பழைய சினிமாக்களை அழித்தேன். சில நாளில் மறுபடி சிவப்பு. முதலில் எரிச்சல்தான் வந்தது, பயம் அப்புறம். போனில் தம்பியைக் கேட்டேன். எது டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் பார்க்கச் சொன்னான்.

என்னவென்று தெரியாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் போல்டர் முழுக்க ஒலிப்பதிவுகள், மேலே தெரிந்தவை எல்லாம் அவர் போன பிறகு பதிவானவை. ஹெட்போனை மாட்டி ஒன்றைத் திறந்தேன். கரகரத்த ஒரு பெண் குரல்.

"இன்னாய்யா, துன்னியா?"

பிறகு, யாரோ பதில் சொல்லி முடிக்கும் நேரத்துக்கு மௌனம். பிறகு அவளே, "சரி" என்றாள்.

மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய அவர் போட்டோவிடம் தினமும் பேசும் என் குரல்தான் அது.

அவர் குரல் இருக்குமா என்று பட்டியலின் அடிவரை போனேன். அவர் இருந்த நாட்களில் பதிவானது ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அவர் போட்டுவைத்த அந்தப் புரோகிராமின் செட்டிங்கில் பார்த்தபோது புரிந்தது: இடம் தீர்ந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். நான் அவரோடு பேசப் பேச, அவர் அழிந்துகொண்டிருந்திருக்கிறார். என் வாயில் மண்ணைப் போட.

அந்த ஒன்றைத் திறந்தேன். இருமல். பிறகு அவர்.

"சங்கு இல்ல, நாயி கத்துது. கம்முனு படு."

அறையிலேயே அந்தக் குரல் கேட்கட்டும் என்று ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். முடிந்ததும் பார்த்தால் பட்டியலில் அது இல்லை. அந்தச் சத்தத்தையும் மைக் கேட்டிருக்கிறது, இடத்துக்காக அந்தப் பழைய பதிவையே அழித்திருக்கிறது. உடனே புரோகிராமை நிறுத்தினேன்.

பட்டியலின் மேலே புதிதாக ஒன்று இருந்தது. திறந்தேன். கொஞ்சம் தள்ளி நின்று பேசுவதுபோல அவர் குரல், கம்முனு படு என்றது. உடனே, நான் சொன்னதாக நினைவே இல்லாத என் குரல் கேட்டது.

"சரி."