எர்மிதா மலையிடுக்கும் எங்கள் வீட்டு டெலிபோனும்

எங்கள் வீட்டில் டெலிபோன் மூன்றாவது முறை அடிக்கும்வரை யாரும் எடுக்க மாட்டோம். இரண்டு மணியோடு நின்றுவிட்டால் யாரோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பொருள். கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இதே வழக்கம்தான். விருந்து முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதே, "போனதும் ரிங் குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்புவோம். ஃப்ரீவேயில் பத்து நிமிஷத் தூரமாக இருந்தாலும் அந்த இரண்டு மணி அடித்த பிறகுதான் பாத்திரம் கழுவ மனம் வரும்.

மகள் கல்லூரியில் சைக்கிள் அணியில் சேர்ந்தபோது அவளுக்கும் இதே விதிதான். விடுமுறைக்கு வந்தால் விடிந்ததும் எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் காலவேரஸ் மலைச்சாலையில் ஏறுவாள். ஒரு நாள் நான் காரில் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே ஊர்ந்து போனேன். நான்காவது வளைவில் நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, "அப்பா, ப்ளீஸ் கோ ஹோம்" என்றாள். தமிழ் எல்லாம் புரியும் அவளுக்கு. பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

இரண்டாயிரமாம் ஆண்டுக் கோடையில், அணியிலிருந்த இன்னும் இரண்டு பெண்களோடு வட ஸ்பெயின் மலைகளில் சைக்கிளில் போகப்போவதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். மனைவிதான் அவள் பக்கம் பேசினாள். "டெய்லி ஃப்ரீவேல டிரைவ் பண்றா. அதைவிடவா மலை மோசம்? சாயங்காலம் ஊர் சேந்ததும் ரிங் குடுக்கட்டும். போதும்."

அங்கே சாயங்காலம் என்றால் எங்களுக்குக் காலை. காபி குடிக்கும் நேரத்தில் மணி இரண்டு முறை அடித்து நிற்கும். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த வரைபடத்தில் அன்றைய ஊர்வரை பென்சிலால் கோடு இழுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். ஓர் ஊரில் எல்லா வீடுகளும் தேன்நிறக் கல்லால் கட்டியவையாம். பல நூறு வருஷம் பழசு. வீட்டு வாசலிலேயே பாலும் கேக்கும் விற்கிறார்களாம். ஏற்றத்தில் மூச்சு முட்டுவதால் பேச முடியாதாம், இறக்கத்தில் காற்று பேச விடாதாம். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஃபோனை வைத்த பிறகு எனக்கு 'இறக்கம்' என்ற ஒரு சொல் மட்டும்தான் நினைவில் நின்றது.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் கடலோரத்திலிருந்து எர்மிதா என்ற மலையிடுக்கு வழியாக உள்ளே போய், போத்தெஸ் என்ற பழைய ஊரில் தங்குவதாக இருந்தது. காலையில் பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டிலிருந்து மனைவியின் சிநேகிதி கறிவேப்பிலை கொண்டுவந்தாள். காபி குடித்தாள். "கடைக்கும் லைப்ரரிக்கும் போகணும், வீட்டுக்குப் போக மத்தியானம் ஆயிடும்" என்று சொல்லிக் கிளம்பினாள்.

சற்று நேரத்தில் டெலிபோன் இரண்டு முறை அடித்து நின்றது.

"வந்துட்டா" என்றாள் மனைவி. நான் போத்தெஸ்வரை கோடு இழுத்தேன்.

பிறகு மறுபடியும் அடித்தது. மூன்றாவது மணியில் மனைவி எடுத்தாள். மகளோடு போன பெண்களில் ஒருத்தி, போத்தெஸிலிருந்து. மலையிடுக்கின் தொடக்கத்தில் மகளின் சைக்கிள் டயர் பஞ்சராகிவிட்டதாம். நீங்கள் முன்னால் போங்கள், ஒட்டிவிட்டு வருகிறேன் என்றாளாம். இன்னும் வரவில்லை, வீட்டுக்கு ஏதாவது கூப்பிட்டாளா என்று கேட்டாள்.

"ஷீ ரீச்ட், மா. டோன்ட் வொரி. ஷீ கேவ் ரிங்" என்றாள் மனைவி.

அப்படியானால் மலையிடுக்கின் நடுவிலிருக்கும் கிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பாள் என்று நிம்மதியாகச் சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

"எங்க ரீச் ஆனான்னு கேட்டியா?" என்றேன்.

"ரிங்கு கிட்ட எப்படிங்க கேக்கறது?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நண்பகலில் சிநேகிதி கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன். படிக்கிற கண்ணாடியை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாளாம். "கண்ணாடி இல்லாம கடைல என்னத்தப் பாக்கறது அண்ணா, நேரா வீட்டுக்கே வந்துட்டேன். ரிங் குடுத்தேனே, கேக்கலையா?"

கண்ணாடி காபி டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது அவ ரிங் இல்ல" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். எல்லாம் உடனே புரிந்துவிட்டது.

போத்தெஸ் விடுதியின் எண்ணை மகள் எழுதி வைத்திருந்தாள். கூப்பிட்டேன். எடுத்தவருக்கு ஆங்கிலம் தெரியவில்லை. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. "டாட்டர், பைசைக்கிள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பொறுமையாக ஏதோ கேட்டார். மனைவி வெறுங்காலோடு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அங்கே இருந்தது ஸ்பானிஷ் பேசும் மெக்சிகோக்காரக் குடும்பம். அந்த அம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஈரக் கையோடு வந்து ரிசீவரை வாங்கினாள். எங்கள் மகளின் பெயரைத் தன் நாக்குக்கு ஏற்றபடி உடைத்து உடைத்துச் சொன்னாள். பிறகு ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு எங்களிடம், என்ன நிறச் சட்டை என்று கேட்டாள்.

"மஞ்சள்" என்றேன்.

"இல்ல, நீலம். மஞ்சள் போன வருஷத்துது."

"நான்தான் ஏர்போர்ட்ல பார்த்தேனே, மஞ்சள்."

அந்த அம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஃபோனில் ஏதோ ஒரு நிறத்தைச் சொன்னாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. போலீஸ் மலையிடுக்குக்குள் போகிறது, கூப்பிடுவார்கள், காத்திருங்கள் என்று சொல்லி எங்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே நல்ல வெயில். அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மலை உச்சியில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கலாம். இடுக்குக்குள் இருக்காது.

"அவ சேந்துட்டான்னு நான் சொன்னதாலதானே அவங்க தேடாம விட்டாங்க?" என்றாள் மனைவி. அப்படியில்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அவள் மறுபடி கேட்கவில்லை. நறுக்கிய பீன்ஸைத் தட்டில் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டே இருந்தாள். நான் வாசலுக்குப் போனேன், வந்தேன். சாமி படத்தின் முன் நின்றேன். கும்பிட என்று போனவன், வேண்டுதலை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியாமல் திரும்பினேன். உயிரோடு என்று தொடங்கினால், அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லும் கூடவே வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

டெலிபோன் அடித்தது. மனைவி பாய்ந்து ரிசீவர்மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை. வருஷக்கணக்கான பழக்கம் அவள் கையை அங்கேயே பிடித்து வைத்திருந்தது. எனக்கும் அசையத் தோன்றவில்லை. இரண்டாவது மணியில் அடுத்த வீட்டு அம்மாள் மனைவியின் கையை விலக்கிவிட்டு எடுத்தாள்.

உயிரோடு இருந்தாள். ஒரு வளைவில் பக்கத்தில் உரசிப்போன லாரியின் காற்று அவளைச் சாலையோரக் கல்சுவருக்கு மேலே தூக்கி எறிந்திருக்கிறது. ஆற்றோரப் பாறைகளில் விழுந்து கிடந்தாள். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது சட்டைதானாம். நீலம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடலோர நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. பாறையில் கிடந்தபோது மேலே கார்கள் போவது கேட்டுக்கொண்டே இருந்ததாம். ஒரு கார் நின்றுகூட இருக்கிறது. யாரோ இறங்கி ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவள் கத்தியது ஆற்றின் இரைச்சலில் எடுபடவில்லை.

"பட் ஐ வாஸ் ஓகே, அப்பா" என்றாள். "இஃப் நோ ரிங், யூ வுட் ஃப்ரீக் அவுட். யூ ஆல்வேஸ் டூ. சோ ஐ ஜஸ்ட் வெயிட்டட்."

என் பயத்தை நம்பி அவள் அந்தப் பாறையில் கிடந்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து அவளைச் சலிப்படைய வைத்த பயம் அது. மனைவி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அந்த நேரத்தில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதை மகளிடம் இன்றுவரை இருவரும் சொல்லவில்லை.

மறுநாள் சைக்கிளை வாங்கிவர டாக்ஸியில் போத்தெஸுக்குப் போனேன். எர்மிதாவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் சாம்பல் நிறப் பாறை செங்குத்தாக எழுந்து வானத்தை ஒரு கீற்றாக்கிவிட்டது. அடியில் சாலையும் ஆறும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு போயின. ஓரச்சுவர் என் முழங்கால் உயரம்கூட இல்லை. வளைவுக்கு வளைவு, இதுவா, இதுவா என்று பார்த்துக்கொண்டே போனேன். டிரைவருக்குத் தெரியாது. எந்த இடம் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. எதிரே சைக்கிள்காரர்கள் ஐந்தாறு பேர் வரிசையாக, பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஜன்னலை இறக்கி அவர்களிடம் ஏதாவது கத்த வேண்டும் போலிருந்தது. இடுக்கு முடிந்து வெயிலில் போத்தெஸ் வந்தது. கல்பாலம், பழைய கோபுரம், மாடிகளில் சிவப்புப் பூத்தொட்டிகள். அழகான ஊர். என் பென்சில் கோடு வந்து முடிந்த ஊர். சைக்கிளின் முன் சக்கரம் வளைந்திருந்தது. பின் டயரில் அவள் ஒட்டிய பஞ்சர் மட்டும் காற்று இறங்காமல் அப்படியே இருந்தது.

இந்த வருஷம், இரண்டாயிரத்து ஒன்றில், தொடைக்குள் உலோகக் கம்பியோடு அவள் மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டாள். போன வாரம் கல்லூரியிலிருந்து கூப்பிட்டாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டேன்.

"அப்பா, யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு பிக் அப். ஐ ஜஸ்ட் காட் பேக்."

"இருக்கட்டும். பேசு."

"வாட் டு ஐ சே?"

எந்த ரோட்டில் போனாய் என்று கேட்டேன். எங்கே திரும்பினாய், என்ன சாப்பிட்டாய், என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.