விளக்குக்குப் பக்கத்தில் எட்டுப் பாவாடைகள்

சுபாஜினிக்குக் கோபம் வந்தால் கொடிகாமம் சந்தை வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். அது சுத்தப் பொய். சந்தையில் மாங்காய் ஏலம் போடுகிற சத்தத்தை மீறி ஒரு தையல்காரியின் குரல் எங்கே கேட்கப்போகிறது? ஆனால் சட்டையை இறுக்கித் தைக்கச் சொல்லிவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று மறுநாள் வந்து நிற்பவர்களுக்கு நன்றாகவே கேட்கும்.

வயது நாற்பத்தைந்து. தொண்டைமானாற்றில் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் கலியாணம் முடித்துக் கொடிகாமத்தில் நிலைத்தவள். பதினைந்து வருடமாக நாட்டிய உடுப்புத் தைக்கிறாள். அரங்கேற்றம் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து கார் பிடித்து அவளிடம் வருவார்கள். எந்தப் புதுத் துணி வந்தாலும் முதலில் மூலையில் ஒரு துண்டு வெட்டி, வாசற்படியில் வைத்து நெருப்புக்குச்சியால் கொளுத்திப் பார்ப்பாள். பருத்தி சாம்பலாகும். பட்டு, மயிர் கருகின மணம் தரும். நைலோன் சுருண்டு உருகி, எரிந்துகொண்டே சொட்டும். அசல் பட்டு என்று கடைக்காரர் சத்தியம் பண்ணின எத்தனையோ துணி அந்தப் படியில் சொட்டியிருக்கிறது.

அந்தச் சொட்டு என்ன செய்யும் என்று அவள் கண்ணால் கண்டவள். போர் முடிந்த வருடம், முகாமில், பக்கத்துக் கூடாரம் பற்றிக்கொண்டது. கூரையாய்க் கட்டியிருந்த தறப்பாள் உருகி ஒரு பெண்ணின் தோளில் விழுந்தது. அடுத்த நாள் விசாரிக்க வந்தவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "கூடாரத்துக்குள்ளை ஏன் சமைச்சனீங்கள்?" வெளியில் அடை மழை. சமைக்க வேறு இடம் யார் தந்தது? வெந்து கிடந்தவளையே குற்றவாளி ஆக்கிவிட்டுப் போன அந்த மனிதனை நினைத்தால் சுபாஜினிக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

போன வருடம் கீர்த்திகா ரீச்சர் அவளைத் தேடி வந்தாள். கொழும்பில் பாலே படித்துவிட்டு வந்து, யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமைகளில் எட்டுச் சிறுமிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற இளம்பெண். ஒரு கலைமன்றத்தின் ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஆடப்போகிறார்கள். எட்டு டூட்டூ வேண்டும். போனில் படத்தைக் காட்டினாள். இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல விறைத்து நிற்கிற பாவாடை.

"உது எப்பிடி ரீச்சர் தொங்காமல் நிக்குது?"

"நெற் துணி அக்கா, வலை மாதிரி. பத்து அடுக்கு, நடுவிலை ஒரு கம்பி வளையம். முதலிலை உப்பிடி இல்லை. முந்நூறு வருசத்துக்கு முன்னம் நிலம் கூட்டிற பாவாடைதான். பாரிசிலை ஒருத்தி, தன்ரை கால் வேலை சனத்துக்குத் தெரியவேணும் எண்டு கணுக்கால் தெரிய வெட்டினவள். ஊரே கதைச்சுதாம். பேந்து நூறு வருசம் கழிச்சு, வெள்ளை மெல்லிசுத் துணியிலை மணி மாதிரி, கெண்டைக்கால் அளவுக்கு வந்தது. அதுக்குப் பிறகுதான் கட்டையாகி, விறைப்பாகி இப்பிடி ஆனது."

சுபாஜினி தையல்காரி. அவள் கேட்ட அடுத்த கேள்வி துணியைப் பற்றியது. "அந்த மெல்லிசுத் துணியோடை ஆடேக்கை மேடைக்கு என்ன வெளிச்சம்?"

கீர்த்திகாவின் குரல் இறங்கிவிட்டது. "காஸ் விளக்கு. கன பேர் எரிஞ்சு செத்தவை, அக்கா. மருந்துத் தண்ணியிலை தோய்ச்சால் துணியிலை நெருப்புப் பத்தாது எண்டு அப்பவே தெரியும். ஆனால் துணி மங்கிப் போகும், விறைச்சுப் போகும் எண்டு, ஆடுற பிள்ளை ஒருத்தி வேண்டாம் எண்டு எழுதிக் குடுத்தவள். ஒத்திகையிலை பத்திப் பிடிச்சுது. எட்டு மாதம் கிடந்து செத்தாள். இருபது வயசு."

"அப்ப பிழை அவளிலையோ?"

"அப்பிடித்தான் எல்லாரும் எழுதியிருக்கினம்."

சுபாஜினி அளவு நாடாவை மேசையில் எறிந்தாள். மங்கின துணியோடு வந்தால் முன்வரிசைக்காரர் முகம் சுளிப்பார்கள் என்று அந்தப் பிள்ளைக்குப் பழக்கினது யார்? நெருப்பை மேடையில் கொண்டுபோய் வைத்தது அவளா?

நெற் துணி வந்ததும் படியில் கொளுத்திப் பார்த்தாள். சொட்டியது. பற்றாத துணி யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. இங்கே மேடைக்குக் கரண்ட் வெளிச்சம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மாதிரிக்கு ஒன்றைத் தைத்து மன்றத்துக்குக் கொண்டுபோனாள்.

மன்றத் தலைவர் கனகரத்தினம் இளைப்பாறிய உத்தியோகத்தர். பாவாடையைக் கண்டதும் நெற்றியைச் சுருக்கினார். சுபாஜினி முந்திக்கொண்டு சொன்னாள். "ஐயா, உந்தத் துணி நெருப்புக்கு ஆகாது. விளக்கு, கற்பூரம் ஒண்டும் கிட்ட வரக்கூடாது."

"அதைப் பிறகு பாப்பம், பிள்ளை. முதல் முழங்காலைப் பாப்பம். எங்கடை கலாசாரம் எண்டு ஒண்டு இருக்கெல்லே."

முழங்காலுக்காக மூன்று கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்தில் பாவாடையின் நீளம். இரண்டாவதில் உள்ளே நீளக் காற்சட்டை போடுவதா இல்லையா. மூன்றாவதில் அந்தக் காற்சட்டை வெள்ளையா, தோல் நிறமா. ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் நெருப்பைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் தலைவர் "பாப்பம்" என்றார். பத்து வயதுப் பிள்ளைகளின் காலைப் பற்றி வளர்ந்த மனிதர்கள் இத்தனை மணித்தியாலம் கதைத்ததை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

விழாவன்று பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பிள்ளைகளுக்கு உடுப்புப் போடப் போனவள் கையில் நிகழ்ச்சி நிரலைக் கொடுத்தார்கள். முதல் வரியிலேயே இருந்தது. மங்கல விளக்கேற்றல். எட்டுச் சிறுமியரும் பாலே உடையில் குத்துவிளக்கைச் சூழ்ந்து நிற்பார்கள்; மெழுகுதிரியை விருந்தினருக்கு எடுத்துக் கொடுப்பார்கள்.

எங்கள் ஊர் விளக்கேற்றல் எப்படி நடக்கும் என்று தெரியாதவர் உண்டா? ஐந்து திரிக்குப் பத்து விருந்தினர். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மெழுகுதிரி போகும். படம் எடுப்பவர் இன்னும் நெருங்குங்கோ, இன்னும் நெருங்குங்கோ என்று கத்துவார். அதற்குள், உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிற பாவாடையோடு எட்டுப் பிள்ளைகள். தன் பாவாடையின் ஓரம் எங்கே நிற்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

சுபாஜினி எட்டுப் பாவாடையையும் ஒரு வகுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். விளக்கேற்றி முடியும்வரை திறக்கமாட்டேன் என்றாள்.

தலைவர் ஓடி வந்தார். "விருந்தினர் வந்திட்டினம் பிள்ளை! திறப்பைத் தாரும். அஞ்சு நிமிச வேலை."

"ஒரு படம்தானே அக்கா" என்றாள் மகாதேவி, பிள்ளைகளில் ஒருத்தியின் தாய். "வெளிநாட்டிலை இருக்கிற சொந்தமெல்லாம் பாத்துக்கொண்டிருக்கினம்."

 மாதிரிக்குத் தைத்த ஒன்பதாவது பாவாடையை எடுத்துக்கொண்டு சுபாஜினி முற்றத்துக்குப் போனாள். தண்ணீர்க் குழாயில் அதைக் கொழுவி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஓரத்தில் ஒரு நெருப்புக்குச்சியை வைத்தாள். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. பத்து அடுக்கும் ஒன்றாகப் பற்றி, உருகி, எரிந்தபடியே சீமெந்தில் சொட்டியது. கம்பி வளையம் மட்டும் குழாயில் தொங்கியது.

தாய்மார் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். கனகரத்தினத்துக்கு முகம் வெளிறிவிட்டது. வாய் திறந்ததும் அவர் கேட்டது இதுதான்: "உதை ஏன் முதலே சொல்லேல்லை, பிள்ளை?"

"மூண்டு கூட்டத்திலையும் சொன்னனான்!" அப்போது சுபாஜினி போட்ட சத்தம் உண்மையிலேயே சந்தைக்குக் கேட்டிருக்கும். "நான் சொல்லேக்கை நீங்கள் முழங்காலை அளந்துகொண்டிருந்தியள், ஐயா. ஒரு பிள்ளை எரிஞ்சிருந்தாலும் அந்தப் பிள்ளையைத்தான் கேட்டிருப்பியள், ஏன் கிட்டப் போனனீ எண்டு!"

அவர் திரும்பி மண்டபத்துக்குள் போனார். விருந்தினர்கள் தாங்களே விளக்கேற்றினார்கள். விளக்கை மேடையிலிருந்து வாசலுக்குக் கொண்டுபோன பிறகுதான் அவள் அறையைத் திறந்தாள். எட்டுப் பேரும் ஆடினார்கள். நன்றியுரையில் தலைவர், பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதி மன்றம் எடுத்த தீர்மானம் என்று சொன்னார். கைதட்டினார்கள். சுபாஜினி பின்சுவரோடு நின்று பல்லைக் கடித்தாள்.

உடுப்பு மாற்றி ஒவ்வொரு பிள்ளையாகத் தாயின் கையில் பிடித்துக் கொடுத்தாள். கடைசியாக மகாதேவி வந்தாள். அவளுடைய மகளின் முகம் வீங்கியிருந்தது.

"விளக்கோடை படம் எடுக்கேல்லையாம், அக்கா. அழுதுகொண்டு நிக்கிறாள்."

"அழட்டும்" என்றாள் சுபாஜினி. "அழுதுகொண்டு வீட்டை போகட்டும்."