டயருக்குள் பட்டு நூல்

ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் தினமும் சைக்கிளில் போய்ப் பட்டு நூல் சுற்றும் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரே வாரத்தில் முன்சக்கரம் இரண்டு முறை பஞ்சர். இரண்டாவது முறை, டியூப் பழசாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிப் புது டியூப் போடச் சொன்னேன். "டயரை ஒரு தரம் பாக்கட்டாம்மா?" என்று கேட்ட பஞ்சர் கடை பாயை, "நேரமாவுதுபா, மாட்டிக் குடு" என்று அவசரப்படுத்தினேன்.

மறுநாள் வேலை முடிந்து திரும்புகையில், சாலையைக் கடக்கும்போது காற்று இறங்கி ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்தது. கை எட்டும் தூரத்தில் பஸ் வந்து நின்றது. "ஏம்மா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று டிரைவர் கத்தினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

டயரைக் கழற்றி உள்ளே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. விரலால் தடவிப் பார்க்கப் பயம். விரலில் கீறல் விழுந்தால் பட்டு நூல் அதில் மாட்டி அறுந்துபோகும். காயம் ஆறும்வரை வேலை கிடையாது. வேலையில் அறுந்துபோகும் நூலை இடுப்பில் செருகிக்கொள்வது என் வழக்கம். அதைச் சுருட்டி டயருக்குள் மெல்ல ஓட்டினேன். ஓரிடத்தில் சிக்கியது. தலைமுடி போல மெல்லிய கம்பி ஒன்று அங்கே குத்தி நின்றது. புது டியூபிலும் ஓட்டை போட்டது அதுதான்.

இப்போதெல்லாம் எவ்வளவு நேரமானாலும், நூலை ஓட்டிப் பார்க்காமல் டியூபை மாட்ட விடுவதில்லை. அதற்காகவே கொஞ்சம் கழிவு நூலை சீட்டுக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நூல் எங்கும் சிக்கிவிடக் கூடாதே என்று பதறி ஓய்ந்துபோகிறவள் நான். டயருக்குள் மட்டும், சிக்கினால்தான் நிம்மதி.